கான்ஃபிக் கோப்புக்குக் கருவி தேடும்போது நான் முதலில் பார்ப்பது

கான்ஃபிக் கோப்புகளைக் (ஒரு மென்பொருள் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்புகளைக்) கையாள எந்தக் கருவி நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு பெயரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஜேசன் (JSON) கோப்புகளுக்கான ஜேக்யூவா (jq), யாம்ல் (YAML) கோப்புகளுக்கான ஒய்க்யூவா (yq), இல்லை பைத்தானில் நாமே ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்வதா? நான் பெயர் சொல்வதற்கு முன் ஒரு சோதனையைச் சொல்வேன். உங்கள் குழுவிடம் இருப்பதிலேயே பழைய, நீளமான, கமென்ட் நிறைந்த யாம்ல் கோப்பை எடுங்கள். எதையும் மாற்றாமல், அந்தக் கருவி அதைப் படித்து அப்படியே திருப்பி எழுதட்டும். பிறகு கிட்டில் (git) டிஃப், அதாவது முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வித்தியாசம், பாருங்கள். டிஃப் காலியாக வந்தால் அந்தக் கருவியை மேற்கொண்டு பரிசீலிக்கலாம். முந்நூறு வரி சிவப்பும் பச்சையுமாக வந்தால், அது எவ்வளவு வேகமாக ஓடினாலும், மனிதர்கள் எழுதிப் பராமரிக்கும் கோப்பின் மேல் அதைக் கைவைக்க விடாதீர்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் வேலை செய்த ஒரு குழுவில், புது வெர்ஷன் டீப்ளாய் ஆகும்போதெல்லாம் இமேஜ் டேக்கை (எந்த வெர்ஷன் ஓட வேண்டும் என்று காட்டும் அடையாளத்தை) மாற்றி எழுதும் சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. பை-யாம்ல் நூலகத்தில் கோப்பைப் படித்து, ஒரே ஒரு வேல்யூவை மாற்றி, திரும்ப எழுதும். வேலை கச்சிதமாக நடந்தது. ஆனால் பை-யாம்ல் கோப்பைப் படிக்கும்போதே கமென்ட்களை விட்டுவிடும். எழுதும்போது, நாம் தடுக்காவிட்டால், கீகளை அகர வரிசையில் அடுக்கிவிடும். அந்தக் கோப்பில் டைம்அவுட் 25 நொடி என்று ஒரு வரி இருந்தது. அதற்கு மேலே, முன்னால் நிற்கும் ப்ராக்ஸி 30 நொடியில் இணைப்பை வெட்டிவிடும், இதை அதற்குக் கீழேயே வைக்கவும் என்று யாரோ எழுதிவைத்த கமென்ட். ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பில் முதல்முறை ஓடியபோதே கமென்ட் போய்விட்டது. டிஃப் பெரிதாக இருந்தது. தானாக வந்த கமிட் என்பதால் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ரிப்போர்ட் மெதுவாக வருகிறது என்று ஒருவர் அந்த 25-ஐ 45 ஆக்கினார். அவர் மேல் தப்பே இல்லை. அவர் பார்த்த கோப்பில் எச்சரிக்கை எதுவும் இல்லை. பயனர்களுக்கு 504, அதாவது நேரம் கடந்துவிட்டது என்ற பிழை, வரத் தொடங்கியது. அப்ளிகேஷன் லாகிலோ எல்லாம் 200. ப்ராக்ஸி இணைப்பை வெட்டியது தெரியாமல் அது தன் வேலையை முடித்துவிட்டு, வெற்றி என்று எழுதிக்கொண்டிருந்தது. இரண்டு லாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் கதை புரிந்தது.

கான்ஃபிக் கோப்பில் வேல்யூ பாதிதான். ஏன் அந்த வேல்யூ என்பது கமென்டில்தான் இருக்கிறது; வேறு எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. அதனால்தான் கருவிகளை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். படிக்க மட்டும் பயன்படுபவை ஒரு பக்கம். கோப்பைத் திருத்தி அதே இடத்தில் எழுதுபவை இன்னொரு பக்கம். முதல் வகையில் நான் தாராளம். இரண்டாவது வகையில் கறார்.

பைத்தானில் யாம்ல் கோப்பைத் திருத்த வேண்டுமென்றால் ரூவமல் நூலகத்தைத் தேர்ந்தெடுங்கள். கமென்ட், கீ வரிசை இரண்டையும் அது காப்பாற்றும். ஆனால் நிறுவிய கையோடு மேலே சொன்ன சோதனையில் தேறிவிடும் என்று நினைக்க வேண்டாம். மூன்று அமைப்புகளைத் தொட வேண்டியிருக்கும். மேற்கோள் குறிகளை அப்படியே வைத்திரு என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தேவையில்லை என்று அது கருதும் மேற்கோள்களை உரித்துவிடும். வரி அகலத்தைப் பெரிதாக வைக்க வேண்டும். இல்லையென்றால் 80 எழுத்து வாக்கில் நீண்ட வரிகளை மடித்துவிடும். பட்டியல்களை உங்கள் குழு எவ்வளவு உள்தள்ளி எழுதுகிறதோ அதையும் சொல்லித்தர வேண்டும். இந்த மூன்றும் சரியாக அமைந்தால், ஒரு வேல்யூவை மாற்றும்போது டிஃப் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்.

டாம்ல் (TOML) என்ற இன்னொரு வடிவத்தில் உள்ள கோப்புகளுக்கும் இதே கதைதான். பைத்தான் 3.11-இலிருந்து டாம்ல் படிக்கும் வசதி மொழியோடு சேர்ந்தே வருகிறது. எழுதும் வசதியை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. படிக்க அது போதும். திருத்த டாம்ல்கிட். அது கமென்ட், இடைவெளி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு திருத்தும்.

செட் (sed) என்ற, வரிவரியாக உரையை மாற்றும் பழைய கட்டளை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டமைப்புள்ள கோப்பில் செட் போட்டால் மூத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் தொடாத வரியைத் தொடாமல் விடுவதில் செட்டை மிஞ்ச ஆளில்லை. மாற்ற வேண்டிய வரி கோப்பில் ஒரே இடத்தில்தான் வரும், அதற்கு யாரும் குழப்பிக்கொள்ள முடியாத ஒரு அடையாளம் இருக்கிறது என்றால், நான் இப்போதும் செட் பயன்படுத்துகிறேன். ஒரே கீ இரண்டு பிரிவுகளில் வர வாய்ப்பிருந்தால் வேண்டாம். கோப்பின் அமைப்பு செட்டுக்குத் தெரியாது. அது இரண்டையும் மாற்றும், அல்லது தவறானதை மாற்றும்.

இனி ஒய்க்யூ. இந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு கருவிகள் இருப்பது பலருக்குத் தெரியாது. ஒன்று கோ மொழியில் எழுதப்பட்டது. யாம்லை நேரடியாகவே கையாளும், கமென்ட்களைக் கூடியவரை காப்பாற்றும். வெற்று வரிகள் சில இடங்களில் போகும், அதை அதன் ஆவணமே ஒப்புக்கொள்கிறது. இன்னொன்று பைத்தானில் எழுதப்பட்டது. யாம்லை ஜேசனாக மாற்றி ஜேக்யூவிடம் கொடுத்து வாங்கித் தருவது அதன் வேலை. அந்த வழியில் போனால் கமென்ட் பிழைக்காது, ஏனென்றால் ஜேசனில் கமென்டுக்கு இடமே இல்லை. மேக்கில் ஹோம்ப்ரூ வழியாக ஒய்க்யூ என்று நிறுவினால் கோ கருவி வரும். டெபியனில் அதே பெயரில் நிறுவினால் பைத்தான் கருவி வரும். மடிக்கணினியில் அழகாக ஓடிய ஸ்கிரிப்ட் பில்ட் கன்டெய்னரில் புரியாத பிழை கொடுத்தால், வேறு எதையும் தோண்டும் முன் எந்த ஒய்க்யூ என்று பாருங்கள். கோ ஒய்க்யூவிலேயே 3-ஆம் வெர்ஷனுக்கும் 4-ஆம் வெர்ஷனுக்கும் எழுதும் முறை அடியோடு மாறிவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய விடைகளில் பாதி அதனால்தான் வேலை செய்வதில்லை. பில்டில் பயன்படுத்தும் கருவிக்கு வெர்ஷன் எண்ணைக் குறிப்பிட்டு நிறுவுவது நிரலின் டிபென்டென்சிகளுக்கு எவ்வளவு அவசியமோ, இதற்கும் அவ்வளவு அவசியம்.

சரி, அடுத்தது டைப். யாம்லில் மேற்கோள் இல்லாமல் எழுதும் வேல்யூ என்ன டைப் (எண்ணா, எழுத்துத்தொடரா, மெய்-பொய்யா) என்று பார்சர், அதாவது கோப்பைப் படித்துப் பொருள்கொள்ளும் நிரல், ஊகிக்கிறது. எல்லாப் பார்சரும் ஒரே மாதிரி ஊகிப்பதில்லை. 2009-இல் வந்த யாம்ல் 1.2 பல பழைய ஊகங்களைக் கைவிட்டது. பை-யாம்ல் போன்றவை இன்னும் 1.1 விதிகளில் இருக்கின்றன. நார்வேயின் நாட்டுக் குறியீடான NO, 'இல்லை' என்று படிக்கப்பட்டு 'பொய்' என்ற பூலியனாக மாறும் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. அதைவிட அடிக்கடி கடிப்பவை வேறு. பைத்தான் வெர்ஷன் என்று 3.10 எழுதினால் அது தசம எண்ணாகி 3.1 ஆகும். 22:22 என்று போர்ட் இணைப்பு எழுதினால் 1.1 விதிப்படி அது அறுபதின் அடிமான எண். 1342 என்று வரும். 0644 என்ற ஃபைல் பர்மிஷன் 1.1-இல் எண்ம (எட்டின் அடிமான) எண்ணாகி 420 ஆகும், 1.2 விதிப்படி அதே நான்கு எழுத்து வெறும் 644. ஒரே கோப்பை இரண்டு கருவிகள் படிக்கும் பைப்லைனில் இதெல்லாம் நிஜமான பிழைகள்.

இதில் என்னை நிறையப் படுத்தியது கிட் கமிட்டின் குறுகிய ஹாஷ் (ஒவ்வொரு கமிட்டுக்கும் கிட் தரும் அடையாளத் தொடரின் முதல் சில எழுத்துகள்). அதையே இமேஜ் டேக்காக வைப்பது பரவலான வழக்கம். ஏழு எழுத்து, ஒவ்வொன்றும் பதினாறு எழுத்துகளில் ஒன்று, அதில் பத்து எண்கள். ஏழும் எண்களாகவே அமையும் வாய்ப்பைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 3.7 விழுக்காடு வரும், அதாவது 27 கமிட்டுக்கு ஒன்று. மற்ற நாளெல்லாம் ஸ்ட்ரிங்காக (எழுத்துத்தொடராக) போகும் டேக் அன்றைக்கு மட்டும் எண்ணாகிவிடும். 4031927 போன்ற எண் ஹெல்ம் (குபர்னெட்டிஸில் மென்பொருளை நிறுவும் கருவி) வழியாகப் போகும்போது அடுக்குக்குறியோடு தசம எண்ணாக வெளிவந்து, அப்படி ஒரு இமேஜே இல்லை என்று டீப்ளாய் விழும். முதல் எழுத்து பூஜ்யமாகவும் மற்றவை 8, 9 இல்லாமலும் இருந்தால் இன்னும் மோசம்: 0412563 என்பது 1.1 பார்சரில் 136563 ஆகிவிடும். நிரலில் எந்த மாற்றமும் இல்லாமல் திடீரென்று விழுந்து, அடுத்த கமிட்டில் தானாகச் சரியாகும். இப்படிப்பட்ட பிழையை எல்லோரும் நெட்வொர்க் மேல் பழி போட்டு மறந்துவிடுவார்கள். பிறகு அது இன்னொரு நாள் வரும்.

இதற்கான தீர்வு நல்ல கருவிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. தேடிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வேல்யூவை உள்ளே அனுப்ப அவை இரண்டு வழி வைத்திருக்கும்: டைப்பை ஊகிக்கும் வழி ஒன்று, எது வந்தாலும் ஸ்ட்ரிங் என்று எடுத்துக்கொள்ளும் வழி ஒன்று. ஜேக்யூவில் ஆர்க் என்ற ஆப்ஷன் எப்போதும் ஸ்ட்ரிங். ஆர்க்ஜேசன் என்றால் பார்ஸ் செய்யும். கோ ஒய்க்யூவில் என்வ் ஊகிக்கும், ஸ்ட்ரென்வ் ஊகிக்காது. ஹெல்மில் செட் (set) ஊகிக்கும், செட்-ஸ்ட்ரிங் ஊகிக்காது. டேக், வெர்ஷன், அக்கவுன்ட் எண், தொலைபேசி எண் எதுவானாலும், கூட்டிக் கழிக்க மாட்டோம் என்று தெரிந்த எண்ணை ஸ்ட்ரிங் வழியாகவே அனுப்புங்கள். இந்த இரண்டு வழியும் தனித்தனியாக இல்லாத கருவியை நான் பைப்லைனில் வைப்பதில்லை.

ஜேக்யூவைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்தான். ஜேசனைப் படித்து வேண்டியதைப் பொறுக்கி எடுப்பதில் அதற்கு இணை இல்லை. ஆனால் ஸ்கிரிப்டுக்குள் வைக்கும்போது மூன்று இடங்களில் கவனம் தேவை. இல்லாத கீயைக் கேட்டால் அது பிழை சொல்லாது. 'நல்' (null) என்று அச்சிட்டுவிட்டு வெற்றியோடு முடியும். நான்கெழுத்துச் சொல்லாக அது உங்கள் ஷெல் வேரியபிளில் உட்கார்ந்து, கடைசியில் அந்தப் பெயரில் ஒரு சர்வரைத் தேடிப் போகும். வேல்யூ இல்லையென்றால் தோல்வியாக முடி என்று சொல்ல ஈ (-e) என்ற ஆப்ஷன் இருக்கிறது. ஆனால் வேல்யூ 'பொய்' என்றாலும் அது தோல்வியாகவே முடியும். இரட்டைச் சாய்வுக்கோடு போட்டு டீஃபால்ட் கொடுப்பதிலும் இதே சிக்கல். ஒரு வசதியை வேண்டுமென்றே அணைத்து வைத்திருப்பவரின் கோப்பில், டீஃபால்ட் 'மெய்' என்று எழுதியிருந்தால், அந்த வசதி இயங்கிவிடும். கீ இருக்கிறதா என்று தனியாகக் கேட்டுவிட்டுப் பிறகு வேல்யூவை எடுப்பதுதான் பத்திரம்.

அப்புறம், படிக்கும் கோப்புக்கே வெளியீட்டைத் திருப்பிவிட்டால் கோப்பு காலியாகும், ஏனென்றால் ஜேக்யூ திறப்பதற்கு முன்பே ஷெல் அதை அழித்து வைத்திருக்கும். தற்காலிகக் கோப்பில் எழுதி, வெற்றி என்று தெரிந்த பிறகு பெயர் மாற்றுங்கள். பெரிய எண்களும் ஒரு பிரச்சினை. 1.6 வரை ஜேக்யூ எல்லா எண்ணையும் இரட்டைத் துல்லியத் தசமமாகவே வைத்திருந்தது. 9007199254740992-ஐத் தாண்டிய முழு எண்களின் கடைசி இலக்கம் மாறிவிடக்கூடும். 2023-இல் வந்த 1.7 நாம் தொடாத எண்களை எழுதியபடியே விடுகிறது. ஐடிகள் உள்ள கோப்பென்றால் வெர்ஷனைப் பாருங்கள்.

எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒன்றைத் தேட ஜேக்யூ தோதுப்படாது. அதற்கு க்ரான் என்ற சின்னக் கருவி இருக்கிறது. ஜேசனில் உள்ள ஒவ்வொரு வேல்யூவையும் அதன் முழுப் பாதையோடு ஒரே வரியில் எழுதிக் காட்டும். க்ரெப் போட்டால் போதும். முன்பின் தெரியாத ஆயிரம் வரி கோப்பைப் புரிந்துகொள்ள எனக்கு இதைவிட உதவியது வேறில்லை.

சரிபார்க்கும் கருவிகளில் முதலிடம் அந்தக் கோப்பைக் கடைசியில் படிக்கப்போகும் மென்பொருளுக்குத்தான். என்ஜின்எக்ஸ், எஸ்எஸ்எச் சர்வர் இரண்டுமே, ஓடாமல் கான்ஃபிக்கை மட்டும் சோதித்துச் சொல்லும். ப்ரோமிதியஸுக்கு ப்ராம்டூல் இருக்கிறது. டெராஃபார்முக்கு வாலிடேட். டாக்கர் கம்போஸிடம் கேட்டால் வேரியபிள்களையெல்லாம் நிரப்பி, தான் புரிந்துகொண்ட வடிவத்தையே அச்சிட்டுக் காட்டும். வெளியிலிருந்து வரும் எந்தச் சோதனைக் கருவியும் இன்னொரு பார்சரின் கருத்துதான். உண்மையில் ஓடப்போகிற பார்சர் என்ன நினைக்கிறது என்பதே நமக்கு வேண்டும். இந்த ஒரு கட்டளையைப் பில்டில் சேர்க்காமல் பெரிய கருவிகளைத் தேடிப் போகும் குழுக்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதற்கு அடுத்து யாம்ல்லிண்ட், யாம்ல் கோப்பில் தவறு தேடும் கருவி. வரி நீளம், வெற்றிடம் போன்ற அதன் அலங்கார விதிகளை அணைத்துவிடுங்கள். அவற்றால் வரும் சத்தத்தில் முக்கியமானது காதில் விழாது. ஒரே கீ இரண்டு முறை வருவதைப் பிடிக்கும் விதியை மட்டும் கட்டாயம் வையுங்கள். இரண்டு பேர் இரண்டு கிளைகளில் ஒரே கீயை வெவ்வேறு இடத்தில் சேர்த்தால் கிட் எந்த மோதலும் சொல்லாமல் இணைத்துவிடும். யாம்ல் விதிப்படி அது தவறு. இருந்தும் பை-யாம்ல் சத்தமில்லாமல் கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்ளும். எண்ம எண்களையும், ஆம்-இல்லை போன்ற சொற்களையும் பிடிக்கும் விதிகளும் இருக்கின்றன. பின்னதை அப்படியே இயக்கினால் கிட்ஹப் வொர்க்ஃப்ளோ கோப்புகளின் 'ஆன்' என்ற கீ மேலெல்லாம் புகார் வரும். கீகளை விட்டுவிடச் சொல்ல அதிலேயே ஆப்ஷன் உண்டு.

உங்கள் சொந்த அப்ளிகேஷனின் கான்ஃபிக் என்றால் ஜேசன் ஸ்கீமா (எந்தெந்தக் கீ, எப்படிப்பட்ட வேல்யூ வரலாம் என்ற விதிகள்) எழுதுங்கள். யாம்லுக்கும் அது செல்லும். எடிட்டரில் யாம்ல் லாங்குவேஜ் சர்வர் இருந்தால் தட்டச்சு செய்யும்போதே தவறைக் காட்டும், கீ பெயரையும் முடித்துத் தரும். ஆனால் ஒன்றைச் செய்யாவிட்டால் ஸ்கீமா இருந்தும் பாதிப் பயன்தான். ஸ்கீமாவில் சொல்லாத கீகள் டீஃபால்ட்டாக அனுமதிக்கப்படும். கட்டாயமில்லாத ஒரு கீயின் பெயரில் எழுத்துப்பிழை விட்டால், அது ஏதோ ஒரு புதுக் கீ என்று ஸ்கீமா தலையாட்டிவிடும். அப்ளிகேஷன் டீஃபால்ட் வேல்யூவில் ஓடும். கூடுதல் கீகள் கூடாது என்று ஒவ்வொரு மட்டத்திலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்த கான்ஃபிக் பிழைகளில் கணிசமானவை தவறான வேல்யூக்கள் இல்லை. சரியான வேல்யூ, தவறாக எழுதப்பட்ட கீ.

ஜேசானெட் (Jsonnet), க்யூ (CUE), டால் (Dhall) போன்ற கான்ஃபிக்குக்கென்றே வந்த மொழிகளைப் பற்றி நிறையக் கேட்பார்கள். நல்ல மொழிகள். பத்துப் பதினைந்து சூழல்களுக்கு ஏறக்குறைய ஒரே கோப்பை எழுதுகிறவர்களுக்குத் தேவைப்படும். இரண்டு மூன்று சூழல்தான் என்றால் அடிப்படைக் கோப்பு ஒன்று, அதன் மேல் மாறும் பகுதிக்குச் சின்னக் கோப்பு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டமைஸ் (Kustomize) என்ற கருவி செய்வதும் ஏறக்குறைய அதுதான். எதுவானாலும் டெம்ப்ளேட்டை மட்டும் ரிவ்யூ செய்யாதீர்கள். அதிலிருந்து உருவாகும் கடைசி யாம்லைப் பழையதோடு ஒப்பிட்டு அந்த டிஃப்பை ரிவ்யூவில் ஒட்டச் சொல்லுங்கள். வரிசை மாற்றத்தை ஒதுக்கிவிட்டு வேல்யூ மாற்றத்தை மட்டும் காட்ட டைஃப் என்ற கருவி உதவும். ஜேசனாக இருந்தால் ஜேக்யூவில் கீகளை வரிசைப்படுத்திவிட்டுச் சாதாரண டிஃப் போட்டாலே போதும்.

சில நேரம், மற்ற எல்லாவற்றிலும் சிறந்த ஒரு கருவி, கோப்பின் வடிவத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதும். கமென்ட் போகவில்லை, உள்தள்ளலும் வெற்று வரியும்தான் மாறுகின்றன என்றால் நான் அதை ஏற்றுக்கொள்வேன். அப்போது செய்ய வேண்டியது: எந்த வேல்யூவையும் தொடாமல், எல்லாக் கோப்புகளையும் ஒரே நேரத்தில் அந்தக் கருவியால் திருப்பி எழுதி, தனிக் கமிட்டாகப் போடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் கோப்புகளைப் பார்ஸ் செய்து, தரவு ஒன்றாகவே இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். பிறகு அந்தக் கமிட்டின் முழு ஹாஷை, பிளேமில் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் கிட் கட்டளையில்) ஒதுக்க வேண்டியவற்றின் பட்டியல் கோப்பில் சேருங்கள், கிட் 2.23-இலிருந்து இந்த வசதி இருக்கிறது. ஒவ்வொருவரும் தங்கள் கிட் அமைப்பில் அந்தப் பட்டியல் கோப்பை ஒருமுறை சுட்டிக்காட்டிவிட்டால், எந்த வரியில் பிளேம் போட்டாலும் வடிவம் மாற்றிய கமிட்டைத் தாண்டி, அந்த வேல்யூவை உண்மையில் எழுதியவரின் கமிட் செய்தி வரும்.